ஆடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம்

அந்தக் காலையில் நாச்சிமுத்துவின் கார் ஷெட்டில் இருந்தவர்கள்:

புகையிலை வியாபாரி ராயப்பராஜ். பதிவு செய்து ஏழு வருடம் காத்திருந்த காரை எடுத்துப் போக வந்தவர்.

ஏஜெண்டு நாச்சிமுத்து. காரைக் கொடுக்க வேண்டியவர். நெய்க்காரப்பட்டிக்காரர்.

துப்பறியும் பொன்னுத்துரை. யாரும் கூப்பிடாமல் வந்தவர்.

அவருடைய உதவியாள் சிலுவைமுத்து. வாயைத் தவிர வேறு ஆயுதம் இல்லாதவன்.

ஒரு கறுப்புக் கார். இன்னும் நம்பர் மாட்டாதது.

வர முடியாதவர்கள் இரண்டு பேர். பூக்காரி மூக்காயி மண்ணுக்குள் இருந்தாள். அவள் மேல் காரை ஏற்றிக் கொன்றதாகப் பிடிபட்ட டாக்ஸி டிரைவர் சௌகத் அலி, சப்-ஜெயிலில் இருந்தான்.

ஷெட்டுக்கு வருகிற வழியெல்லாம் சைக்கிளை மிதித்தவன் சிலுவைமுத்து. பின்னால் கேரியரில் பொன்னுத்துரை, ரயிலில் முதல் வகுப்பில் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"துப்பறியிறவருக்குக் கார் இல்லாட்டிப் போகுதுண்ணே. சைக்கிள் டயர்லயாச்சும் காத்து இருக்க வேணாமா?"

"மிதி."

"மிதிக்கிறேன். நான் மிதிக்கிற மிதிக்கு நெல்லு அரைச்சிருந்தா இந்நேரம் ரைஸ்மில் முதலாளி ஆகியிருப்பேன்."

பொன்னுத்துரை சிரிக்கவில்லை. நேற்றிலிருந்தே அவர் சிரிக்கவில்லை. நேற்றுத்தான் செம்பட்டி ரோட்டுக்குப் போய் ஆடு மேய்க்கும் சிவனம்மாளைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை, பூக்கூடையோடு டவுன் பஸ்ஸைப் பிடிக்க நடந்து வந்த மூக்காயியை ஒரு கறுப்புக் கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிற்று. கண்ணால் பார்த்தவள் சிவனம்மாள் ஒருத்தி. "கார் நம்பர் என்ன?" என்று போலீஸ் கேட்டது. "நம்பர் ஒண்ணுமில்ல சாமி" என்றாள். "படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். அதோடு முடிந்தது. படிப்பு வாசனை இல்லாதவள், நம்பரை எங்கே பார்த்திருக்கப் போகிறாள் என்று விட்டுவிட்டார்கள். அதே விடியலில் செம்பட்டிச் சவாரியை முடித்துவிட்டுத் திரும்பியவன் சௌகத் அலி. அவனுடைய டாக்ஸியும் கறுப்பு. ஒரு பக்கத்து விளக்கு எந்தக் காலத்திலோ உடைந்தது. போலீசுக்கு வேறு என்ன வேண்டும்? அடுத்த வாரம் கேஸ் கோர்ட்டுக்கு வருகிறது.

பொன்னுத்துரை வேறு மாதிரி கேட்டார். மண்ணில் குச்சியால் ஒரு காரின் முதுகை வரைந்து, "எழுத்து எந்த இடத்துல இருந்துச்சு ஆத்தா?" என்றார். சிவனம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எழுத்துத் தெரியாதவளுக்கு எழுத்து இருக்கிற தகடுமா தெரியாது? அந்தத் தகடே இல்லைங்கிறேன். எவன் காதுல வாங்குறான்!"

கேரியரிலிருந்து குரல் வந்தது. "நம்பர் மாட்டாத கார் இந்தத் திண்டுக்கல்லுல எங்கடா இருக்கும்?"

"நாச்சிமுத்து ஷெட்டுல ஒண்ணு இருக்கு." சிலுவைமுத்து மிதிப்பதை நிறுத்தினான். "அண்ணே, அது எங்க பெரியப்பா காரு."

"இன்னும் இல்லை. இன்னைக்கு வாங்கின பெறகுதான் அவர் காரு."

"அவரு அதைத் தொட்டுக்கூடப் பாக்கலண்ணே. ஆடி கழியட்டும்னு விட்டு வச்சிருந்தாரு."

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"ஊரு சௌகத் அலியைக்கூடத்தான் சொல்லுது. மிதி."

ராயப்பராஜ் அவனுக்கு ரத்த சம்பந்தம் இல்லை. ஞானஸ்நானத் தொட்டியில் அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன். அப்பன் செத்த பிறகு சோறு போட்டதும், எட்டாவதில் மூன்று தடவை கோட்டடித்தபோது பெல்ட்டால் அடித்ததும், பிறகு பூட்டுப் பட்டறையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். ஊருக்கெல்லாம் அவர் முதலாளி. இவனுக்குப் பெரியப்பா.

அந்தப் பெரியப்பா காருக்காகக் காத்திருந்த கதை டவுனில் எல்லாருக்கும் தெரியும். பதிவு செய்த வாரமே வீட்டை ஒட்டிக் கார் கொட்டகை கட்டிவிட்டார். கார் வரவில்லை. கோழிகள் குடிவந்தன. பெரியம்மா அமலராணி கார் ஜன்னலுக்கென்று பூப்போட்ட திரை தைத்தார். திரை பெட்டிக்குள்ளேயே சாயம் போயிற்று. புகையிலை லாரியில் ஓட்டப் பழகிக்கொண்டு, லைசென்சும் எடுத்து, ஓட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் நடந்து திரிந்தார் மனுஷர். கடைவீதியில் யாரும் அவரிடம் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "வண்டி வந்துருச்சா முதலாளி?" என்றுதான் கேட்பார்கள். "இந்தா, ஸ்டேஷனுக்கு வந்துருச்சு, ஒண்ணுக்குப் போயிருக்கு" என்பார் அவரும்.

பட்டறையில் இருந்த காலத்தில் சிலுவைமுத்து அவருக்கு ஒரு மெடல் செய்து கொடுத்தான். பயணிகளைக் காப்பாற்றும் புனித கிறிஸ்தோபர், தோளில் குழந்தை, காலடியில் ஆறு. பித்தளையை வட்டமாக அறுத்து, கையால் செதுக்கி, காரின் டாஷ்போர்டில் முடுக்குவதற்கு இரண்டு காது வைத்து, காதுக்கு ஒரு ஓட்டை போட்டிருந்தான். ஒரு காது கொஞ்சம் இறங்கிப் போயிற்று. பட்டறைக்காரர் தலையில் குட்டினார். பெரியப்பாவோ அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கார் வர்ற அன்னைக்கு உன் கையாலதான்டா முடுக்கணும்" என்றார். சட்டை மாறும்போதெல்லாம் மெடலும் மாறியது.

ஷெட்டில் அவர் இவனைப் பார்த்ததும், "ஏலே சிலுவை! வாடா அப்பு, நீ இல்லாம எப்படி?" என்று தோளை அணைத்துக்கொண்டார். அணைத்த கை ஈரமாக இருந்தது. பொன்னுத்துரையைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது.

"பெரியப்பா, மெடலைக் குடுங்க. திருப்புளி கொண்டாந்திருக்கேன்."

அவருடைய கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போயிற்று. வெறுங்கையாகத் திரும்பியது.

"வீட்டுல மறந்து வச்சிட்டேன்டா. சாமியார் வந்து மந்திரிச்ச பெறகு மாட்டிக்கலாம்."

"ஏழு வருசம் மறக்காம இன்னைக்கு மறந்திருக்கீக. கல்யாணத்தன்னைக்குத் தாலிய மறந்த மாப்பிள்ளை மாதிரி."

ராயப்பராஜ் சிரித்தார். பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

நாச்சிமுத்து யாரையும் பார்க்காமல் பூசைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார். வாங்குகிறவர் வேதக்காரராக இருந்தாலும் கொடுக்கிறவருடைய சாங்கியத்தை அவர் விடுவதில்லை.

"அடுத்த வண்டி எப்ப வரும் நாச்சிமுத்து?" என்று பொன்னுத்துரை கேட்டார், காரின் மூக்கைத் தடவிக்கொண்டே.

"ஏனுங்க, நீங்களும் பதியறீங்களா? நம்ம ஏஜென்சிக்கு வருசம் ஒண்ணு வந்தாப் பழனியாண்டவர் புண்ணியமுங்க. போன வருசம் அதுவுமில்லீங்க."

"அப்ப இந்த ஷெட்டுக்குள்ள வேற புது வண்டி நின்னு ரெண்டு வருசம் ஆச்சு."

"ஆச்சுங்க."

"ஷெட்டைக் கூட்டிப் பெருக்கி வெள்ளையும் அடிச்சிருக்கீங்க."

"போன சித்திரையில அடிச்சதுங்க."

பொன்னுத்துரை எண்ணெய் டின்களின் மேல் ஏறி நின்று சுவரின் உச்சி விளிம்பில் கையை நீட்டினார். ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கீழே பிரித்தார். சருகாகக் காய்ந்த நான்கு எலுமிச்சம்பழங்கள். நான்கும் அப்பளம் போலத் தட்டையாக நசுங்கியிருந்தன. டயரின் வரி அதில் பதிந்திருந்தது.

"கையை நீட்டின இடத்துல கிடைக்குதே, ஊறுகாய் போடவாண்ணே?" என்று கேட்ட சிலுவைமுத்து, மற்ற இருவருடைய முகத்தையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"புது வண்டி முதல் தடவை உருளும்போது நசுங்கின பழத்தை முச்சந்தியில போடணும். அதுதானே முறை?" பொன்னுத்துரையின் குரல் ஏறவில்லை. "முச்சந்தியில போட்டா, எந்தப் புது வண்டி கிளம்புச்சுன்னு ஊரு கேக்கும். குப்பையில போட மனசு வராது, சாமி காரியம். அதான் சித்திரையில வெள்ளையடிச்ச பெறகு, கால்படாத உயரத்துல வச்சீங்க. வேற எங்கே வைப்பீங்கன்னு பாத்தேன், அங்கேயே இருந்துச்சு. இந்த வண்டி ஏற்கெனவே வெளியே போயிட்டு வந்திருக்கு நாச்சிமுத்து. திருட்டுத்தனமாப் போனாலும் பழம் வைக்காம உங்களால அனுப்ப முடியலை."

நாச்சிமுத்து சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டார்.

முதலில் கத்தியவர் ராயப்பராஜ். "பாத்தியாடா சிலுவை! ஏழு வருசம் காத்துக்கிடந்த என் வண்டிய இந்தப் பய எடுத்து ஊர் சுத்தியிருக்கான்! ஆடியில தரமாட்டேன், ஆவணியில வாங்கன்னு இவன் சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு!"

"ஐயோ சாமி!" நாச்சிமுத்து நிமிர்ந்தார். "நானுங்களா சொன்னேன்? ஆடி கழியட்டும்னு சொன்னது நீங்கதானுங்களே! நீங்க வந்து ஒரே ஒரு ரவுண்டுன்னு..."

"நாக்கை அறுத்துப்புடுவேன்!"

ஒருவர் பேச்சுக்கு எதிராக இன்னொருவர் பேச்சு. இந்த ஊரில் ராயப்பராஜின் பேச்சு எடை கூடியது. கோர்ட்டிலும் அப்படித்தான் இருக்கும். பொன்னுத்துரை இரண்டு பேரையும் பார்க்கவில்லை. சிலுவைமுத்துவைப் பார்த்தார்.

"ஏன்டா, உங்க வேதத்துல ஆடி உண்டா?"

"ஊரோட ஒத்துப் போறதுதாண்ணே. நாச்சிமுத்தண்ணன் கேட்டிருப்பாரு, பெரியப்பா விட்டுக் குடுத்திருப்பாரு."

சொன்ன பிறகுதான் நாக்கில் மண் பட்டது போல் இருந்தது. ராயப்பராஜ் ஆடியைக் கண்டு ஒதுங்குகிற ஆளா? அவர் கல்யாணமே ஆடியில்தான். ஆடியில் மேளக்காரன் வேலையில்லாமல் கிடப்பான், பாதிக் கூலிக்கு வந்தான் என்று ஆயிரம் தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். புகையிலைக் கிட்டங்கி திறந்ததும் ஆடியில். மற்ற வியாபாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாதத்தில்தான் அவர் சரக்கு எடுப்பார். ஏழு வருடம் காத்த காரை வாசலில் வைத்துக்கொண்டு அந்த மனுஷர் ஆடிக்காக ஒரு நாள் பொறுப்பாரா? ஊர் நம்பியது. ஊருக்கு ஆடி என்றால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. இவனும் கேட்கவில்லை.

அந்த முகங்களைப் பார்க்கப் பிடிக்காமல் காருக்குள் ஏறி உட்கார்ந்தான். புது ரெக்சின் வாசனை. கறுப்பு டாஷ்போர்டு கண்ணாடி போல மின்னியது. எந்த இடத்தில் மெடலை முடுக்குவது என்று ஏழு வருடமாக மனசுக்குள் பார்த்து வைத்திருந்தான். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், கை படாத இடம். விரல் தானாக அங்கே போயிற்று.

வழவழப்பில் ஒரு சின்னக் குழி. பக்கத்தில் இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாதபடி கறுப்பு அரக்கு வைத்து நிரப்பியிருந்தார்கள். நகத்தால் கீறினான். அரக்கு உதிர்ந்து ஓட்டை தெரிந்தது. இரண்டாவதையும் கீறினான். அது முதலாவதைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

குட்டு வாங்கிய காது. அவன் வைத்த காது.

"என்னடா, வாயைக் காணோம்?" வெளியிலிருந்து பொன்னுத்துரை கேட்டார்.

அவருக்கு இது தெரியாது. எவருக்கும் தெரியாது. அரக்கை விரலால் அழுத்திவிட்டு இறங்கினால் நாச்சிமுத்துவின் தலையோடு போய்விடும். அல்லது சௌகத் அலியின் தலையோடே இருந்துவிடும். பேகம்பூரிலிருந்து அவனுடைய அண்ணன் அப்துல் லத்தீப் பொன்னுத்துரையின் மாடி அறைக்குக் கேஸைக் கொடுக்க வந்தபோது, சௌகத்தின் மனைவி பின்னால் படியிலேயே நின்றாள். மாடிக்கு வரவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது சிலுவைமுத்துவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

"பெரியப்பா," என்றான். "நீங்களே முடுக்கிட்டீகளா?"

இறங்கியிருந்த ஓட்டையில் விரலை வைத்தான்.

"என் கையால முடுக்கணும்னு சொன்னீகளே."

ராயப்பராஜின் வியாபாரக் குரல் வந்தது. "அது கம்பெனியில விழுந்த ஓட்டைடா. எதையாவது பேசாத. இறங்கு கீழ."

பொன்னுத்துரை எட்டிப் பார்த்தார். இரண்டு ஓட்டைகளையும் பார்த்தார், இவன் முகத்தையும் பார்த்தார். கேட்க வேண்டியதை நாச்சிமுத்துவிடம் கேட்டார். நாச்சிமுத்து இப்போது நிறுத்தவில்லை. நம்பருக்கான பேப்பர் வருவதற்குள் வண்டி வந்துவிட்டது. ஐயா விடியலில் வந்து, மாதா கோயில் முதல் பூசைக்குள் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போனார். வரும்போது முன் மட்கார்டில் மல்லிகைப்பூ ஒட்டியிருந்தது. மட்கார்டு மாற்ற மெட்ராஸிலிருந்து சாமான் வர வேண்டும். அதற்குத்தான் ஆடி.

"பொய்!" என்றார் ராயப்பராஜ். ஆனால் உட்கார இடம் தேடினார்.

பொன்னுத்துரை சிலுவைமுத்துவை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "ஓட்டை மட்டும் போதாது. வக்கீல் வந்து கம்பெனி ஓட்டைன்னுதான் சொல்வான். மெடல் வேணும். அது இந்த ஓட்டையில உக்கார்றதைச் சப்-இன்ஸ்பெக்டர் கண்ணால பாக்கணும். இவங்க ரெண்டு பேரும் நகராம நான் பாத்துக்கிறேன்."

"அதை எறிஞ்சிருப்பாரு."

"சாமி காரியத்தைக் குப்பையில போட இவருக்கு மட்டும் மனசு வருமா? வீட்டுலதான் இருக்கும். அங்கே எனக்குக் கதவு திறக்க மாட்டாங்க. உனக்குத் திறப்பாங்க."

"அதனாலதாண்ணே போக மாட்டேன்."

பொன்னுத்துரை சைக்கிளைத் திருப்பி அவன் பக்கம் நிறுத்தினார்.

வீட்டு வாசலில் கோலமாவைப் போலச் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தது. கார் கொட்டகையிலிருந்து கோழிகளைத் துரத்திவிட்டுக் கழுவி வைத்திருந்தார்கள். வாசல்படியில் அமலராணி, மடியில் சாயம் போன பூப்போட்ட திரைகள். அதில் வளையம் கோத்துக்கொண்டிருந்தார்.

"கார் எங்கடா?"

மற்ற நாளாக இருந்தால் பத்துப் பதில் வந்திருக்கும்.

"வருது பெரியம்மா. பெரியப்பா மெடலை மறந்துட்டாராம். வாங்கியாரச் சொன்னாரு."

அமலராணி ஊசியைத் திரையில் குத்தி வைத்தார். "அவரா சொன்னாரு?"

"ஆமா."

உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கைக்குட்டை முடிச்சோடு வந்து நடுக்கூடத்தில் நின்றார். அவன் உள்ளே போனான்.

"அவருக்கு இது எங்க இருக்குன்னே தெரியாது. தொலைஞ்சு போச்சுன்னு சொன்னாரு. துவைக்கப் போட்ட சட்டையில கிடந்துச்சு, ஆடியில. மெடல் மட்டும் இருந்திருந்தா அவர் கையில குடுத்திருப்பேன்." முடிச்சை அவிழ்த்தார். பித்தளை வட்டம். அதன் மேல் இரண்டு சின்ன ஸ்க்ரூ. நுனியில் கறுப்புப் பெயிண்ட். "ஸ்க்ரூவும் இருந்துச்சு. வராத காருக்கு ஸ்க்ரூ எதுக்குடா?"

அவன் கறுப்பு நுனியை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அன்னையிலருந்து பூசையில அவரு நன்மை அப்பம் வாங்கல. எல்லாரும் எந்திரிச்சுப் போறப்ப இவரு மட்டும் பெஞ்சுலயே உக்காந்திருப்பாரு. வயித்துக்கு முடியலைன்னாரு. நான் கேக்கல. கேட்டாச் சொல்லிருவாருன்னு பயம். மாதாவுக்குச் சனிக்கிழமை மாலைக்கு மூக்காயிதான் பூக் கொண்டாருவா. இப்ப வேற ஒருத்தி வாரா. அவகிட்ட வாங்கவே எனக்குக் கை வரல." கண்ணில் தண்ணீர் இல்லை. "இப்பச் சொல்லு. உன்னை யாரு அனுப்பினா? அவரா, உன் துரையா?"

இன்னொரு பொய்க்கு அவனிடம் வாய் இருந்தது.

"துரைதான் பெரியம்மா."

அவர் மெடலையும் ஸ்க்ரூவையும் அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார், சின்ன வயதில் காணிக்கைக் காசை வைத்து மடக்குவது போல.

"கொண்டு போ. அந்தப் பேகம்பூர்ப் பிள்ளை வெளிய வரட்டும். ஆனா இனிமே இந்த வாசல் மிதிக்காத."

"பெரியம்மா, நான்..."

"நான் குடுத்தேன், அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். பொய் சொல்லிக்கிட்டு வாங்க வந்த பாரு, அதுக்கு நீ சொல்லிக்க. போ."

அவன் படி இறங்கினான். திரைகள் படியிலேயே கிடந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை. பின்னால் கதவு சாத்தியது. பகலில் அந்த வீடு பூட்டி அவன் பார்த்ததில்லை. பட்டறையை விட்டு வந்தபோது அந்தக் கதவுக்குப் பூட்டுப் பொருத்தியவன் அவன்தான், சாவியைத் திருப்பினால் நாக்கு இரண்டு தடவை போய் விழுகிற பூட்டு. சைக்கிளில் கை வைத்தபடி நின்றான். ஒரு தடவை விழுந்தது. அவன் நகரவில்லை. இரண்டாவது தடவையும் விழுந்தது.